கித்தா மரம் எந்தப் பக்கம் முறுக்கும்?

கித்தா (ரப்பர்) மரத்தில் வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். சீபீல்டு தோட்டத்தில் பால் வெட்டிய என் அம்மாவிடம் ஏன் என்று கேட்டால், “மாத்திப் போட்டா பால் கொறஞ்சிடும்டி” என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்த காலத்தில்தான் அந்த ஒரு வரிக்குள் ஒரு முழுப் பாடம் இருப்பது எனக்குப் புரிந்தது.

பட்டைக்குள் ஓடும் பால்குழாய்கள் செங்குத்தாக நிற்பதில்லை. மரத்தைப் பார்த்து நிற்பவருக்கு, மேலே போகப் போக அவை வலப்பக்கம் சாயும். சராசரியாக 4 பாகைக்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இடமிருந்து வலமாகச் சுமார் 30 பாகையில் இறங்கும் வெட்டு, எதிர்ப்பக்கம் சாய்த்துப் போடும் அதே நீள வெட்டைவிடக் கூடுதல் குழாய்களை அறுக்கும். ஆழமும் முக்கியம். கட்டையைத் தொடாமல் சுமார் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். உளி உள்ளே பட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் உளி ஓடாது. விடியுமுன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் இதைச் செய்தவர்களைத்தான் ‘படிக்காத கூலிகள்’ என்று நம் வீட்டுப் பிள்ளைகளே நினைக்கிறார்கள்.

மரம் முறுக்குவது ஏன்? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள வளர்படலத்தில் செல்கள் பிரியும்போது தடுப்புச் சுவர் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்ந்து விழுகிறது. அதனால் நார்களும் குழாய்களும் கயிறு போல மெல்ல முறுக்கேறுகின்றன. காற்றில் ஒடியாமல் வளைந்துகொடுக்கத்தான் இந்த முறுக்கு என்பார்கள் சிலர். ஒரு பக்க வேர் பட்டுப்போனாலும் மற்ற வேர்களின் நீர் சுற்றி வந்து எல்லாக் கிளைக்கும் சேரும் என்பது இன்னொரு விளக்கம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் நடைபாதைக்காக ஒரு பக்க வேரை இழந்தும் தழைத்து நிற்கும் சாலையோர மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

மெராந்தி, செங்கால் மரங்கள் இன்னும் வம்பு. கொஞ்ச காலம் ஒரு பக்கம் முறுக்கும், பிறகு மறுபக்கம். கிள்ளானில் எந்தத் தச்சரையும் கேளுங்கள்: இழைப்புளி ஒரு கீற்றில் வழுக்கிக்கொண்டு போகும், பக்கத்துக் கீற்றில் சிலாம்பைக் கிளப்பும்.

சீபீல்டு இன்று சுபாங் ஜெயா. உளி பிடித்தவர்கள் அடுக்குமாடிகளில் முதுமையடைகிறார்கள். கெப்போங் வன ஆய்வு நிலையத்தின் காடு 2025இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பள்ளிகள் அங்கே சுற்றுலா போகட்டும், நல்லதுதான். போகும் பேருந்தில் ஒரு முன்னாள் பால்வெட்டுக்காரரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். மரத்தின் முன் நின்று வெட்டுக்கோட்டை அவர் காட்டட்டும். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், தன்முனைப்புப் பேச்சாளருக்குக் கொடுக்கும் அதே தொகையை அவர் கையிலும் கொடுங்கள்.