சின்னக் காருக்கு ஒரு வக்காலத்து

கார்ப் பைத்தியங்களில் இரண்டு ரகம் உண்டு. காரை ஓட்டுவதில் ஆசை உள்ளவர்கள் ஒரு ரகம். காரில் வந்து இறங்குவதில் ஆசை உள்ளவர்கள் இன்னொரு ரகம். நான் முதல் ரகம். ஆகையால் என் அபிப்பிராயம் கொஞ்சம் ஒருதலைப்பட்சமாகத்தான் இருக்கும். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

இன்றைக்கு நடப்பது இரண்டாவது ரகத்தாரின் ராஜ்யம். நம் நாட்டில் விற்பனையாகும் புதுக் கார்களில் பாதிக்கு மேல் 'எஸ்.யு.வி.' என்னும் உயர்ந்த ஆகிருதி படைத்த வண்டிகள்தாம். காட்டிலும் மேட்டிலும் ஏறுவதற்கென்று பிறந்த இனம் அது. நம்மவர்களோ அதில் ஏறிக்கொண்டு மயிலாப்பூர் மாட வீதிக்குக் கத்தரிக்காய் வாங்கப் போகிறார்கள்!

ஓட்டும் இன்பம்

கார் ஓட்டுவதன் சுகம் சின்ன வண்டியில்தான் இருக்கிறது. 1961 முதல் நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். முன்பக்கம் முழுவதையும் அப்படியே தூக்கி நிமிர்த்திவிட்டு, டயரின் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினை ரிப்பேர் பார்க்கலாம்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்கு எஞ்சின் 796 சி.சி.; நீளம் சுமார் 3.3 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. ஜப்பானியச் சின்னக் காரின் வாரிசு அது. நுழையாத சந்து இல்லை! 2014-ல் அதன் உற்பத்தி நின்றபோது உண்மையான கார் ரசிகர்கள் வருந்தினார்கள்.

"ஐயா, அதெல்லாம் வெறும் தகர டப்பா. மோதினால் கதி என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2014-ல் குளோபல் என்காப் நடத்திய மோதல் சோதனையில் நம் சின்னக் கார்கள் ஐந்து, நட்சத்திரம் ஒன்றுகூடப் பெறவில்லை. ஆனால் 4 மீட்டருக்குள் அடங்கும் டாடா அல்ட்ராஸ் 2020-ல் ஐந்து நட்சத்திரமும் வாங்கியதே! பாதுகாப்பு என்பது கூட்டின் உறுதியிலும் காற்றுப் பையிலும் இருக்கிறது. உருவத்தைப் பெருக்கினால்தான் வரும் என்பதில்லை.

நடப்பவன் கதி

உள்ளே இருப்பவரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறோம். வெளியே நடந்து போகிறவரைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? தாழ்ந்த மூக்குள்ள கார் காலில் இடிக்கும். உயர்ந்த மூக்குள்ள வண்டி நெஞ்சிலும் தலையிலும் இடித்துக் கீழே தள்ளும். முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலத்துக்குள் சரிந்த முகப்புள்ளவற்றைவிட, மோதினால் நடப்பவர் உயிரைப் பறிக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவிகிதம் அதிகம் என்று 2023-ல் ஓர் அமெரிக்க ஆராய்ச்சி கண்டது. நடைபாதையே இல்லாத நம் தெருக்களில் இதை எண்ணினால் வயிற்றைக் கலக்குகிறது.

அளவுகோல் எங்கே?

சர்க்காருக்கும் இதில் பங்கு உண்டு. 4 மீட்டருக்குள் நீளமும் சிறிய எஞ்சினும் உள்ள காருக்கு வரிச் சலுகை என்று 2006-ல் விதி வந்தது. உடனே கம்பெனிக்காரர்கள் வாலை நறுக்கி 3.995 மீட்டரில் நிறுத்தினார்கள். உயரத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனார்கள். 2025 செப்டம்பரில் சின்னக் காருக்கு 18 சதவிகிதம், பெரியதற்கு 40 சதவிகிதம் என்று வரியை மாற்றியபோதும், நீளமும் சி.சி.யும்தான் கணக்கு.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே 'கெய்' என்னும் சின்னக் கார்களுக்கு நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், எஞ்சின் 660 சி.சி. என்று எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. புதிதாக விற்கும் கார்களில் மூன்றில் ஒரு பங்கு இந்த ரகம்தான். ஜப்பானியர் ஏழைகளா என்ன? நம் சர்க்காரும் அகலத்தையும் மூக்கின் உயரத்தையும் அளந்து வரி போடட்டும்.

புதுக் கார் வாங்கப் போகும் அன்பர்களே! செக்கில் கையெழுத்துப் போடுமுன் உங்கள் தெருவை ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். காரின் அகலத்தைக் கழியுங்கள். எதிரே வரும் ஆட்டோவின் அகலத்தையும் கழியுங்கள். பள்ளிக்கூடப் பையோடு போகும் குழந்தைக்கு இடம் மிஞ்சுகிறதா? மிஞ்சாவிட்டால், தயவுசெய்து சின்னக் கார் வாங்குங்கள். ஓட்டிப் பார்த்தால் எனக்கு நன்றி சொல்வீர்கள்.