துணி மூட்டைக்குள் ஒரு கடத்தல் கதை

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உலகங்கள். ஒன்றில் சல்லிக்காசு பெறாதது மற்றதில் பொன் விலைக்குப் போகும். நடுவில் காவல். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுக்கு இதைவிட ருசியான கதைக்கரு கிடைப்பது கடினம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு வழி திறந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி முடிவெடுப்பார்கள். பகடை பலனைச் சொல்லும்.

இலங்கை மலையக இளைஞர்கள் இப்படியொரு கதையைக் கட்ட விரும்பினால் மந்திரவாதிகளையும் மாயக் கதவுகளையும் தேடி அலைய வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்தின் வரலாறே போதும்.

வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டம் தனி உலகமாகவே இருந்தது. தோட்டத்தை நிர்வகித்த துரையின் அனுமதியில்லாமல் வெளியாள் உள்ளே நுழைய முடியாது. உள்ளே இருப்பவரும் நினைத்தபடி வெளியேற முடியாது. கடன் கணக்கு எழுதிய 'துண்டு' கையில் இருக்க வேண்டும், அந்தக் கடனைப் புதிய தோட்டம் அடைக்க வேண்டும். 1921இல் அந்த முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. கணக்கப்பிள்ளையின் கண்ணும் கங்காணியின் காதும் ஒழியவில்லை.

இந்தக் காவலைத்தான் தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் தாண்டினார். துணி வியாபாரிக்குத் தோட்டத்தில் தடையில்லை என்று கண்டு, அந்த வேடத்திலேயே தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குள் போய் நிலைமையைத் தெரிந்துகொண்டார். புடவை வெறும் சாக்கு. வெளியே வந்த சரக்கு லயத்துச் செய்தி. பின்னாளில் உள்ளே போனது தொழிற்சங்கம். 1931இல் ஹட்டனைத் தளமாக வைத்து அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் அரசியலைப் பாட்டாக்கிக் கொண்டுபோனார். பாட்டை எந்தக் காவல்காரன் சோதனை போட்டுப் பறிப்பான்?

வேடமிட்டுத் தேயிலையையே கடத்தியவரும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பனிக்காகச் சீன உடையும் பின்னலுமாக 1848இல் புறப்பட்ட ராபர்ட் ஃபார்ச்சூன், செடிகளையும் விதைகளையும் இந்தியாவுக்கு அனுப்பினார். நல்ல சாகசம்தான். ஆனால் பிடிபட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டால் அந்தக் கதை கொஞ்சம் வெளிறிப்போகிறது. அவருக்குப் பின்னால் ஒரு கம்பனி நின்றது. தோட்டத்தில் சங்கத்தோடு தொடர்பு வெளிப்பட்டால், தொழிலாளியின் கைக்கு வருவது வேலைநீக்கம் சொல்லும் பத்துச்சீட்டு. வேலையோடு லயக் காம்பிராவும் போய்விடும். கடத்தல் கதையில் பதற்றத்தை உண்டாக்குவது சரக்கின் விலை அல்ல, இந்தத் தண்டனைதான். விளையாட்டு எழுதுபவர்கள் பெரும்பாலும் சரக்கை அலங்கரிப்பதிலேயே களைத்துவிடுகிறார்கள்.

வேடம் கட்டுவது மலையகத்துக்குப் புதிதுமல்ல. மாசியில் நடக்கும் காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் தோட்டத்து ஆட்களே.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள பாடசாலை நாடக மன்றங்கள் அடுத்த விடுமுறையில் இதை முயன்று பார்க்கலாம். ஒரு தோட்டத்தின் வரைபடம், ஒரு பகடை, ஐந்தாறு பேர் போதும். துரை பாத்திரத்தை மட்டும் நன்றாக யோசிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். எதிராளி மடையனாக இருந்தால் ஆட்டம் அரை மணி நேரத்தில் சப்பென்று முடிந்துவிடும். கதையைக் கட்டும் முன் சாரல்நாடன் எழுதிய 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' நூலை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.