முன்னுரை தர மாட்டேன், தம்பி!

தம்பி,

அன்று கூட்டம் முடிந்து, ஒலிபெருக்கிக்காரர் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில், மேடைக்குப் பின்புறம் வந்து நின்றாய். கையிலே ஒரு துணிப்பை. பைக்குள்ளே ஒரு கட்டுத் தாள். நானூறு பக்கம்! "அண்ணே, இதுதான் என் முதல் புத்தகம். நீங்க ஒரு முன்னுரை குடுத்தா அச்சுக்குக் குடுத்திடுவேன்" என்றாய். பணத்துக்கு வழி என்ன என்று கேட்டேன். தயங்கினாய், தலை குனிந்தாய், "அம்மாவோட தோடு இருக்குண்ணே" என்றாய்.

தம்பி, அந்த ஒரு சொல் என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. உனக்குத் தனிக் கடிதம் எழுதியிருக்கலாம். ஆனால், நீ ஒருவன் மட்டுமா? ஊருக்கு ஒருவன், தெருவுக்கு ஒருவன், கையிலே கையெழுத்துப் படியும் கண்ணிலே கனவுமாக இருக்கிறான். அவன் வீட்டிலும் ஒரு தாய் இருக்கிறாள். அவள் காதிலும் ஒரு தோடு இருக்கிறது. ஆகவே உனக்குச் சொல்வதை ஊருக்கே சொல்லிவிடுகிறேன்.

நானூறு பக்கத்தையும் படித்தேன். ஒன்றுவிடாமல் படித்தேன். இளவரசன் வருகிறான், வாள் மின்னுகிறது, மாடத்திலே மங்கை நிற்கிறாள், நிலவு காய்கிறது. உவமைக்கு மேல் உவமை. அடுக்குக்கு மேல் அடுக்கு. தமிழ் உனக்குத் தடையின்றி வருகிறது, அதிலே ஐயமில்லை. ஆனால் கதை நகர நகர என் கண்கள் சொருகின. பொய் சொல்லி உன்னை மகிழ்விக்க எனக்கு விருப்பமில்லை.

பிறகு 212ஆம் பக்கம் வந்தது. மாறுவேடத்திலே வந்த இளவரசன் ஒரு நெசவாளி வீட்டிலே ஒதுங்குகிறான். மழை கொட்டுகிறது. தறிக்குழியிலே தண்ணீர் ஊறுகிறது. அந்த வீட்டுக் கிழவி குழிக்குள் இறங்கிச் செம்பு செம்பாக மொண்டு வெளியே ஊற்றுகிறாள். அவள் தலையெல்லாம் நனைந்து சொட்டுகிறது. ஆனால் தலையைத் துவட்டவில்லை. முதலில் பாவைத் தொட்டுப் பார்க்கிறாள், ஈரம் ஏறிவிட்டதா என்று!

நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன், தம்பி! மூன்றே மூன்று பக்கம். அந்த மூன்று பக்கத்திலே இளவரசனை மறந்தேன். அந்த வாரம் கிழவிக்குக் கூலி கிடைத்ததா, அடுப்பு எரிந்ததா என்று என் மனம் கேட்டது. ஆனால் விடை கிடைக்கவில்லை. ஏன்? மறுநாள் காலை இளவரசன் குதிரை ஏறினான். நீயும் அவனோடு ஏறிப் போய்விட்டாய்!

நீ தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அரண்மனையை நீ பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. தறிக்குழியை நீ பார்த்திருக்கிறாய். அதனால்தான் நானூறு பக்கத்திலே மூன்று பக்கம் உயிரோடு இருக்கிறது.

இப்போது என் கதையைச் சொல்கிறேன், சிரிக்காதே. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி மேடை ஏறியவன் நான். இருபத்து நான்கு வயதில், என் பேச்சுகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டேன். அக்காள் கைவளையலை அடகு வைத்து ஆயிரம் படி அடித்தேன். எனக்குத் தமிழ் சொல்லித் தந்த ஆசிரியருக்கு முதல் படியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து நாள் கழித்துத் திருப்பித் தந்தார். ஓரத்திலே பென்சிலால் சின்னச் சின்னக் குறிப்புகள். "எப்போது?" "எங்கே?" "யார் சொன்னது?" "நீ பார்த்தாயா?" மேடையிலே எந்தெந்த வரிக்குக் கைதட்டல் கிடைத்ததோ, அந்தந்த வரிக்குப் பக்கத்திலேதான் அந்தக் கேள்விகள்!

எழுநூறு படி என் கட்டிலுக்கடியிலே கிடந்தன. கறையான்தான் அவற்றின் வாசகர். அக்காளின் வளையலை மீட்க நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த நான்கு ஆண்டும் அவள் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட வலி குறைந்திருக்கும்.

அன்று கற்ற பாடம் இது. மேடைக்கு ஒலிபெருக்கி உண்டு, தாளுக்குக் கிடையாது. மேடையிலே ஒருவர் தட்டினால் ஊரே தட்டும். கைப்பேசியிலே ஒருவர் லைக் போட்டால் ஒன்பது பேர் போடுவார்கள். ஆனால் புத்தகத்தைப் படிப்பவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவர் கையைத் தட்டுவதில்லை. பக்கத்தைத் தட்டிப் பார்க்கிறார். ஓட்டைக் குடமா, நல்ல குடமா என்று ஓசையிலேயே தெரிந்துவிடும்!

ஆகவே, தம்பி, முதல் புத்தகம் என்பது ஒரு சாட்சி சொல்லல். கூண்டிலே ஏறி நிற்பவன் அழகாகப் பேசுகிறானா என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. கண்டதைச் சொல்கிறானா என்று பார்க்கிறது. நீ கண்டதை, பட்டதை, உன்னைத் தவிர வேறொருவர் இவ்வளவு கிட்டத்தில் நின்று சொல்ல முடியாததைச் சொல். உன் பெயரை யாரும் அறியாதபோது, படிப்பவர் உன்னை நம்புவதற்கு வேறு என்ன காரணம் இருக்கிறது?

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை நினைத்துப் பார். 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை வெளியிட்டார். அப்போது அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. பல்கலைக்கழகப் பட்டமா இருந்தது? இல்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கொடுமையை அந்த வட்டத்துக்குள்ளேயே வளர்ந்து அறிந்தவர். ஊர் ஊராகப் போய் அதை எதிர்த்துப் போராடியவர். என்ன சூது நடக்கும், யார் யார் கூட்டு, பணம் எந்தக் கைக்குப் போகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்ததை எழுதினார். 1947இல் அந்த வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. ஒரு நாவலா சட்டத்தைக் கொண்டுவந்தது என்று கேட்பாய். இல்லை, பலருடைய பல ஆண்டுப் போராட்டம் கொண்டுவந்தது. ஆனால் அந்தப் போராட்டத்திலே அந்த நாவலும் ஒரு சாட்சியாக நின்றது.

பின்னால் வந்தவர்களைப் பார். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த ஒரு பெண், தான் பிறந்த ஊரைப் பற்றி, தன் மக்களைப் பற்றி, அவர்கள் பேசும் மொழியிலேயே எழுதினார். அதுவே அவருடைய முதல் நூல். 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்கும் துணி வெளுக்கும் குடும்பத்துப் பெண் ஆரோக்கியத்தின் கதை. அதுவும் முதல் நாவல்தான். அது அவர் சொந்தக் கதை அல்ல. ஆனாலும் பக்கத்திலே நின்று பார்த்த கதை. ஆகவே, 'தன் கதையை மட்டுமே எழுத வேண்டுமா?' என்று கேட்காதே. பக்கத்து வீட்டுக் கதையையும் எழுதலாம். அந்த வீட்டு வாசலிலே நீ நின்றிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அப்படியானால் சரித்திரக் கதையே கூடாதா, அண்ணே?" என்பாய். கூடும். கல்கி நம் அணியில் இருந்தவர் அல்லர். எனினும் உழைப்பை ஒப்புக்கொள்ளத் தயங்கக்கூடாது. 'பொன்னியின் செல்வ'னுக்காகக் கல்வெட்டுச் செய்திகளைப் படித்தார். வரலாற்று நூல்களைப் புரட்டினார். இலங்கைக்கும் போய்ப் பார்த்து வந்தார். 1950இல் அந்தத் தொடர் தொடங்கியபோது அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் எழுதித் தேர்ந்த கை. அரண்மனை எங்கும் போய்விடாது, தம்பி, காத்திருக்கும். உன் தெருவிலே ஒவ்வொன்றாக நின்றுபோகும் தறி காத்திருக்காது. அதை ஓட்டிய கைகளும் காத்திருக்கமாட்டா.

சரி, எப்படி எழுதுவது? எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில், தொழிலின் சொல்லை விடாதே. பாவு, ஊடை, தார், நாடா, அச்சு, விழுது என்று உன் வீட்டிலே நாள்தோறும் புழங்கும் சொற்கள் இருக்கின்றன. அவற்றை நீக்கிவிட்டு 'நூலிழைகள் நடனமாடின' என்று எழுதாதே. கதை சொல்லும் நடை நல்ல தமிழாக இருக்கட்டும். ஆனால் உன் தாய் பேசும்போது உன் தாயாகவே பேசட்டும். அவளை மேடையேற்றி அடுக்குமொழி பேச வைக்காதே. அந்தப் பிழையை நாங்கள் நிறையச் செய்துவிட்டோம்.

இரண்டாவது, எதிரியை வைக்கோல் பொம்மையாக ஆக்காதே. பாவு கொடுத்துக் கூலியைக் குறைக்கும் முதலாளியை அரக்கனாக எழுதுவது எளிது. நாங்கள் மேடையிலே எதிரி இல்லாத நேரத்தில் எதிரியைத் தோற்கடித்துப் பழகியவர்கள்! நூலிலே அது செல்லாது. அவன் தரப்பை அவனே சொன்னாற்போல் சொல். நூல் விலை ஏறியதையும், சேலை தேங்கியதையும், அவன் கணக்கையும் காட்டு. அதற்குப் பிறகும் கூலி குறைந்தது அநியாயம் என்று படிப்பவர் நெஞ்சு சொன்னால், அதுதான் வெற்றி.

மூன்றாவது, சுருக்கு. நானூறு வேண்டாம், நூற்றைம்பது போதும். எழுதி முடித்ததும் இரண்டு மாதம் பெட்டியிலே பூட்டிவை. பிறகு எடுத்து, தறி நின்றிருக்கும் ஓர் இரவில், உன் அன்னைக்கு உரக்கப் படித்துக் காட்டு. அவள் கொட்டாவி விட்ட இடத்தை அடி. "அப்படி இல்லடா, பாவு ஓட்டுறது இப்படி" என்று திருத்தினால் வணங்கி ஏற்றுக்கொள். எந்தப் பேராசிரியரும் அந்தத் திருத்தத்தைத் தரமுடியாது.

நான்காவது, பணம். தோட்டைத் தொடாதே! ஓர் இயலைத் தனியாக எடுத்து இதழ்களுக்கு அனுப்பு. திரும்பி வரும், மறுபடி அனுப்பு. புத்தகத்தின் மேல் நம்பிக்கை உள்ள பதிப்பாளர் தன் பணத்தைப் போடுவார். உன் பணத்தைக் கேட்கமாட்டார். "பணம் கட்டு, புகழ் வரும்" என்பவரிடம் எச்சரிக்கையாக இரு. எந்த ஒப்பந்தமானாலும் எழுத்திலே வாங்கு. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரின் வாழ்நாளுக்கும், அதற்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கும் உரிமை உண்டு. உன் பிள்ளைக்குப் போக வேண்டிய அந்த உரிமையை ஒரு மாலைநேரத் தேநீருக்கு விற்றுவிடாதே. வேறு வழியே இல்லாமல் நீயே அச்சிடுவதானால், ஆயிரம் அடிக்காதே. நூறு, இருநூறு படி மட்டும் அச்சிடும் வசதி இன்று வந்துவிட்டது. விற்றபின் மறுபடி அடி. என் கட்டிலுக்கடிக் கறையானுக்கு உன் வீட்டு விலாசம் தெரியவேண்டாம்!

ஐந்தாவது, முன்னுரை. என்னிடம் கேட்டாய், தர மாட்டேன். என் பெயரைப் பார்த்து நாலு பேர் வாங்கக்கூடும். ஆனால் பத்தாவது பக்கத்திலே என் பெயர் உனக்குத் துணை வராது. சாட்சிக்குச் சிபாரிசு எதற்கு?

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. நாட்டிலே வெளியாகும் நூலின் படிகளைப் பதிப்பாளர் குறிப்பிட்ட சில பொது நூலகங்களுக்கு அனுப்பியாகவேண்டும். கொல்கத்தாவின் தேசிய நூலகம் அவற்றுள் ஒன்று. 1896இல் திறக்கப்பட்ட நம் சென்னைக் கன்னிமாரா நூலகம் மற்றொன்று. அங்கே அடுக்கிலே மன்னர்களைப் பற்றிய நூல்களுக்குக் குறைவில்லை. மழையிலே தறிக்குழிக்குள் இறங்கித் தண்ணீர் மொண்ட தாயைப் பற்றி எத்தனை நூல் இருக்கும் என்று நினைக்கிறாய்? நூறு ஆண்டு கழித்து ஒரு மாணவி வந்து, 'இந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்?' என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு அவள் கையிலே யார் நூலைக் கொடுப்பது?

உன் கையெழுத்துப் படியைத் திருப்பி அனுப்புகிறேன். 212 முதல் 214 வரையுள்ள பக்கங்களை மட்டும் தனியே பிரித்து மேலே வைத்திருக்கிறேன். அங்கிருந்து தொடங்கு. அந்த வாரம் கிழவிக்குக் கூலி கிடைத்ததா? அதை முதலில் எனக்குச் சொல்.

எழுதி முடித்தபின் வா. முன்னுரை கிடையாது, ஆனால் முதல் படியை விலை கொடுத்து வாங்குவேன். அன்று உன் அன்னையையும் கூட்டத்துக்கு அழைத்து வா, காதிலே தோட்டோடு!