மூட்டை சுமந்தவனுக்கு மட்டும் சிறையா?

“கனடாவிலே கஞ்சாவைக் கடையில் விற்கிறார்கள், இங்கேயும் ஒரு கிலோ வரை வைத்துக் கொள்ளலாமாம்” என்றொரு பேச்சு திருவண்ணாமலை கிரிவலப் பாதை டீக்கடைகளில் நடமாடுகிறது. முதல் பாதி உண்மை. 2018 அக்டோபர் 17 முதல் அங்கே வயது வந்தவர்கள் பொது இடத்தில் 30 கிராம் உலர்ந்த கஞ்சா வரை வைத்திருக்கலாம். இரண்டாம் பாதி பொய். அதுவும் ஏழையைச் சிறைக்கு அனுப்பும் பொய்.

இந்தியாவில் 1985ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டம் அமலில் இருக்கிறது. அதில் ஒரு கிலோ என்பது அனுமதி அல்ல, தண்டனையின் அளவுகோல். ஒரு கிலோ வரை பிடிபட்டால் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் பத்தாண்டு வரை போகும். 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது பத்தாண்டு. ஜாமீன் கிடைப்பது குதிரைக் கொம்பு. புகைத்தாலே ஆறு மாதம் வரை உண்டு. காவி கட்டியவருக்கென்று தனிச் சட்டம் கிடையாது.

யார் மாட்டுகிறார்கள்? ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளிலிருந்து சரக்கு வருகிறது. பணம் போடுகிறவன் ஒருவன். நடைக் கூலிக்காக ரயிலில் பை சுமக்கிறவன் வேறொருவன். “பையில் இருந்தது எனக்குத் தெரியாது” என்றால், அதை நிரூபிக்க வேண்டியவனும் அவனே. நம் ஜில்லாவுக்கு இது புதிதா? 2015 ஏப்ரல் 7ல் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலைக் கூலிகள் இருந்தார்கள். மரத்தை விற்றுக் கொழுத்த முதலாளி எவனும் அங்கே சாகவில்லை.

வெள்ளைக்கார சர்க்கார் 1893ல் கஞ்சாவைப் பற்றிக் கமிஷன் போட்டது. தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்று அது முடிவு சொன்னது. நமது சர்க்கார் 2003 முதல் டாஸ்மாக் கடைகளில் தானே சாராயம் விற்கிறது. ஒழுக்கம் போதிக்க அதற்கு என்ன யோக்கியதை? ஆனால் அதைக் காட்டிக் கஞ்சாவுக்கும் கடை திற என்று நாம் கேட்கவில்லை. மில்லில் இரவு ஷிப்ட் முடித்தவனுக்கும் நாள் முழுதும் நாற்று நட்டவளுக்கும் வேண்டியது கூலி, மயக்கமல்ல.

சட்டத்தில் உள்ள உரிமைகளையும் தோழர்கள் அறிய வேண்டும். உடலைச் சோதிக்க வந்தால், கெஜடெட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கும்படி கேட்க 50வது பிரிவு இடம் தருகிறது. கையிலுள்ள பைக்கு அது பொருந்தாது என்று 2005ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (சுமக்கிறவனுக்கு எது தேவையோ அதுதான் இல்லை!) பழக்கத்துக்கு அடிமையானவர், புகைத்த வழக்கிலோ சிறிய அளவு வழக்கிலோ, தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் 64ஏ பிரிவு அவரைக் காக்கும். வக்கீலுக்குப் பணமில்லாதவர் கோர்ட்டில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

இதே சட்டத்தில் 27ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. கள்ள வியாபாரத்துக்குப் பணம் போடுகிறவனுக்குப் பத்து முதல் இருபது ஆண்டு சிறை. பிடித்த மூட்டைகளை அடுக்கிப் போட்டோ எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கும் போலீஸ் இலாகா, இந்தப் பிரிவில் எத்தனை பேரைப் பிடித்தது என்ற கணக்கையும் மாதந்தோறும் கொடுக்கட்டும்.