விளையாட்டு என்ஜின்: விலகுவதற்கும் விலை உண்டு

கணினி விளையாட்டுகளை உருவாக்கும் துறையில் அடியெடுத்து வைக்கும் இளைஞர்கள் முதலில் கேட்கும் கேள்வி, எந்த ‘கேம் என்ஜின்’ சிறந்தது என்பதுதான். காட்சியின் தெளிவு, இயங்கும் வேகம், கற்பதற்கான எளிமை ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டே பெரும்பாலோர் இதற்கு விடை தருகின்றனர். அந்த அளவுகோல்கள் தேவையானவையே. ஆனால், பொருளாதாரம் எழுப்பும் ஒரு கேள்வி அவற்றில் விடுபட்டுப் போகிறது: தேர்ந்தெடுத்த என்ஜினைவிட்டு விலக நேர்ந்தால், அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும்?

காட்சியைத் திரையில் வரைதல், பொருள்களின் அசைவையும் மோதலையும் கணக்கிடுதல், ஒலியை இயக்குதல் போன்ற பொதுப் பணிகளை ஆயத்தமாகத் தரும் மென்பொருளே என்ஜின். அதைச் சொந்தமாக உருவாக்கிப் பேணுவது பெரிய நிறுவனங்களுக்கே சுமையாகிவிட்டது. ‘தி விட்சர்’ விளையாட்டுகளால் புகழ்பெற்ற போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட், அந்த வரிசையின் அடுத்த விளையாட்டைத் தன் சொந்த என்ஜினில் அல்லாமல், அமெரிக்காவின் எபிக் நிறுவனத்துடைய அன்ரியல் என்ஜினில் உருவாக்கப் போவதாக 2022-இல் அறிவித்தது. சிறு குழுக்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் முன் இன்று முதன்மையாக மூன்று தேர்வுகள் உள்ளன. 1998-இல் அறிமுகமான அன்ரியல். 2005-இல் டென்மார்க்கில் பிறந்த யூனிட்டி. அர்ஜென்டினாவில் உருவாகி, 2014 முதல் திறமூல மென்பொருளாகக் கிடைக்கும் கோடோ.

இவற்றுள் யூனிட்டி தந்த பாடம் முக்கியமானது. குறைந்த செலவில் கைப்பேசி விளையாட்டுகளை உருவாக்க உதவியதால் உலகெங்கும் சிறு குழுக்கள் அதை நாடின. 2023 செப்டம்பர் 12 அன்று அந்நிறுவனம் ஒரு புதிய கட்டணத்தை அறிவித்தது. குறிப்பிட்ட வருவாயையும் எண்ணிக்கையையும் தாண்டிய விளையாட்டு, பயனரின் கருவியில் புதிதாக நிறுவப்படும் ஒவ்வொரு முறையும், வளர்ந்த நாடுகளில் 20 சென்ட் வரை செலுத்த வேண்டும் என்றது. ஏற்கெனவே வெளிவந்த விளையாட்டுகளும் அதற்கு விலக்கல்ல.

இதன் கணக்கு எளிது. இலவசமாகத் தரப்படும் விளையாட்டில் மிகச் சிலரே பணம் செலவிடுவர். வரம்பைத் தாண்டிய ஒரு விளையாட்டு மேலும் 10 லட்சம் முறை நிறுவப்பட்டு, சராசரியாக 15 சென்ட் ஈட்டுகிறது என்று கொள்வோம். அதன் வருவாய் 1.5 லட்சம் டாலர். 20 சென்ட் வீதத்தில் கட்டணமோ 2 லட்சம் டாலர். விளையாட்டு பரவப் பரவ நட்டமும் வளரும். வருவாயில் பங்கு கேட்பதற்கும் எண்ணிக்கைக்குக் கட்டணம் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

எதிர்ப்பு வலுக்கவே, பத்தே நாள்களில் நிறுவனம் கட்டணத்தைத் தளர்த்தியது. அடுத்த மாதம் அதன் தலைமைச் செயல் அதிகாரி ஜான் ரிச்சிடெல்லோ பதவி விலகினார். 2024 செப்டம்பரில் விளையாட்டுகளுக்கான அக்கட்டணம் முற்றிலும் கைவிடப்பட்டது; கூடவே உயர்நிலைச் சந்தாக்களின் விலை உயர்த்தப்பட்டது.

கட்டணம் நீங்கிவிட்டது, ஆயினும், அது வெளிப்படுத்திய உண்மை நீங்கவில்லை. 2009-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆலிவர் வில்லியம்சன் இத்தகைய நிலையை விரிவாக ஆராய்ந்தவர். ஓர் உறவுக்கென்றே செய்யப்பட்ட முதலீட்டை வேறிடத்தில் பயன்படுத்த முடியாதபோது, முதலீடு செய்தவரின் பேரம் பேசும் வலிமை குன்றுகிறது. ஓர் என்ஜினுக்காக எழுதிய நிரல்களும் அதில் பெற்ற பயிற்சியும் அத்தகைய முதலீடுகளே. அமெரிக்காவின் மெகா கிரிட் குழு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக யூனிட்டியில் உழைத்த பிறகு, ‘ஸ்லே தி ஸ்பயர் 2’ விளையாட்டைக் கோடோவுக்கு மாற்றியது. முதல் விளையாட்டின் வெற்றியால் அதற்கு அந்த இழப்பைத் தாங்க முடிந்தது. முதல் விளையாட்டையே இன்னும் வெளியிடாத குழுவால் முடியுமா?

அன்ரியலின் விதி ஒப்பீட்டளவில் தெளிவானது. ஒரு விளையாட்டின் வருவாய் 10 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும் பொதுவாக 5 விழுக்காடு உரிமத்தொகை. 15 லட்சம் ஈட்டினால் 25,000 டாலர். வெற்றி பெற்றவரே செலுத்துகிறார் என்பது இதன் நியாயம். ஆனால், அது திறன்மிகு கணினிகளைக் கோருகிறது. எளிய விளையாட்டுகளுக்கு அதன் பளு அதிகம்.

கோடோவுக்குக் கட்டணமும் இல்லை, உரிமத்தொகையும் இல்லை. அதன் மூல நிரல் எம்ஐடி உரிமத்தின் கீழ் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. வெளியான பதிப்பின் உரிமையை எவரும் திரும்பப் பெற முடியாது. எனினும், இலவசம் என்பதால் செலவே இல்லை என்றாகாது. ஆயத்தமான காட்சிப் பொருள்களும் தேர்ந்த பணியாளர்களும் யூனிட்டிக்குக் கிடைக்கும் அளவுக்கு இதற்குக் கிடைப்பதில்லை. பிளேஸ்டேஷன், நிண்டெண்டோ போன்ற கருவிகளுக்குக் கொண்டுசெல்லப் பெரும்பாலும் பிறரின் சேவையை நாட வேண்டும்.

ஆகவே, எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. உயர்தர முப்பரிமாணக் காட்சிகளோடு, போதிய முதலீட்டுடன் இறங்குவோருக்கு அன்ரியல் பொருந்தும். கைப்பேசிச் சந்தையில் விரைவாக இறங்க வேண்டியவர்களுக்கும், வேலைவாய்ப்பை நாடுவோருக்கும் யூனிட்டி இன்றும் பயன்மிக்கதே. சொந்தச் சேமிப்பில் இருபரிமாண அல்லது சிறிய விளையாட்டை உருவாக்கும் மாணவர்களுக்கும் தனியருக்கும் கோடோவே ஏற்றது என்பேன். அவர்களிடம் இழப்பதற்குப் பணம் குறைவு. காலமே அவர்களின் மூலதனம். அந்த மூலதனத்தின் மீது பிற்காலத்தில் எவரும் புதிய வரி விதிக்க முடியாத இடத்தில் தொடங்குவது நல்லது.

கல்லூரிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஒரு நிறுவனத்தின் மென்பொருளை மட்டும் கற்பித்தால், மாணவர் அதன் வாடிக்கையாளராகவே வெளியேறுவார். எந்த என்ஜினுக்கும் பொதுவான கணிதமும் நிரலாக்கமும் வடிவமைப்பும் அவர் கைவசம் இருந்தால், விலகும் செலவு தானே குறையும். உரிம ஒப்பந்தத்தைப் படிக்கும் பழக்கத்தையும் பாடத்திட்டத்தில் சேர்க்கலாம். ‘ஏற்கிறேன்’ என்று சொடுக்கும் முன் அதைப் படிப்பவர் இன்று மிகச் சிலரே.