நீர்யானைக்குப் பாலம் கட்டியது யார்?

சைபீரியாவின் உறைபனிக்குள் மாமத் என்னும் மயிரடர்ந்த பூர்வகால யானை தோலும் சதையுமாய்க் கிடைப்பதை உலகம் அதிசயமாகப் பார்க்கின்றது. நமது தூத்துக்குடித் தோழர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அக்கரையில், இலங்கை இரத்தினபுரியில், இரத்தினக்கல்லுக்காகக் குழி தோண்டுகிறவர்கள் 'இல்லம்' என்று சொல்லும் சரளை மண்ணில் பனியுகத்து மிருகங்களின் எலும்பும் பல்லும் அகப்பட்டிருக்கின்றன. யானை மாத்திரமல்ல; நீர்யானை, காண்டாமிருகம், சிங்கங்கூட உண்டு. 1930-களிலேயே பி. இ. பி. தெரணியகல என்னும் அறிஞர் இவற்றை ஆராய்ந்து பெயரிட்டார். இன்று இலங்கைக் காட்டில் யானை தவிர மற்ற மூன்றும் இல்லை.

இவை கடல் கடந்து போனது எப்படி? பனியுகத்தில் கடல்நீர் பெருமளவு வடதுருவத்தை அடுத்த நாடுகளில் பனிக்கட்டியாய் உறைந்து நின்றபடியால், கடல்மட்டம் தாழ்ந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் அது இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. நமது சலாபக்காரர்கள் மூச்சடக்கி முத்தெடுத்த பார்களோ எட்டுப் பத்துப் பாக ஆழந்தான். அப்படியானால் அந்தப் பார்களெல்லாம் அன்று வெறுந் தரை! பாக் நீரிணை அதனினும் ஆழங் குறைந்தது. இப்படிக் கடல் தாழ்ந்தது ஒருமுறையல்ல, பலமுறை. மிருகங்கள் காலாலேயே நடந்து போயின.

இராமனுக்குக் குரங்குகள் பாலம் கட்டின என்று சாதிக்கும் வைதிகர்களை நாம் கேட்கின்றோம்: நீர்யானைக்குக் கட்டிக் கொடுத்தது எந்தக் குரங்கு?

இது வெறும் வேடிக்கைப் பேச்சல்ல. 2005-இல் தொடங்கிய சேதுக் கால்வாய் வேலையின் பேரில் வழக்கு வந்தபோது, இராமாயணம் சரித்திர ஆதாரமாகாது என்று மத்திய சர்க்கார் 2007 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தது. கூச்சல் கிளம்பியது, இரண்டொரு நாளில் வாபஸ் வாங்கிக் கொண்டார்கள்! கால்வாயால் மீனுக்கும் பவளப்பாறைக்கும் கேடு வருமா என்று மீன் பிடிக்கும் தோழன் கேட்டால் அது நியாயமான கேள்வி. கணக்குக் காட்டிப் பதில் சொல்லியே தீர வேண்டும். ஆனால் கதையைக் காட்டிக் கேட்பவனுக்குச் சர்க்காரே பயந்து பின்வாங்கினால் பாமர மக்கள் எதை நம்புவார்கள்?

ஆகவே உபாத்தியாயர்களே! பிள்ளைகளை இராமேஸ்வரத்திற்குக் கூட்டிப் போகிறீர்கள்; போங்கள். தனுஷ்கோடி மணலில் நிறுத்தி, கடல் வற்றியதையும் திரும்ப ஏறியதையும், நீர்யானை நடந்த வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். எது நம்பத்தக்கது என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும்.