ஸ்டோரில் வாங்கிய பறவை எங்கே போனது?

2022 மார்ச் 31 அன்று ஒரு பழைய பறவை திரும்பி வந்தது. உண்டிவில்லின் ரப்பரை விரலால் பின்னுக்கு இழுத்து, குறி பார்த்து விட்டால் பறந்து போய்ப் பச்சைப் பன்றிகளின் கோட்டையைச் சரிக்கும் அதே சிவப்புப் பறவைதான். 2009 டிசம்பரில் ஐபோனுக்கு வந்த ஆங்கிரி பேர்ட்ஸை, தொடுதிரை புதிதாக இருந்த அந்த நாட்களில், ஆடாத கை குறைவு. பின்லாந்தின் ரோவியோ நிறுவனம் 2019இல் அந்தப் பழைய கேமை ஸ்டோர்களிலிருந்து எடுத்துவிட்டது. அது வேண்டும் என்று ரசிகர்கள் விடாமல் கேட்டார்கள். நிறுவனமும் முதலிலிருந்து மறுபடி கட்டிக் கொடுத்தது. விலை 99 சென்ட். நடுவில் விளம்பரம் கிடையாது, உள்ளே காசுக்கு விற்கும் பொருள் எதுவும் கிடையாது. ஒருமுறை காசு கொடு, கடைசி லெவல் வரை ஆடு, அவ்வளவுதான்.

பதினோரு மாதம்கூட அது நிலைக்கவில்லை. 2023 பிப்ரவரி 23 அன்று கூகுள் பிளேயிலிருந்து நீக்கினார்கள். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் 'ஆங்கிரி' என்று தேடுகிறவர் கண்ணில் படாதபடி 'ரெட்ஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்' என்று பெயரை மாற்றினார்கள். காரணத்தை நிறுவனமே வெளிப்படையாகச் சொன்னது: தங்களுடைய மற்ற கேம்கள் மீது இது ஏற்படுத்தும் தாக்கம். அந்த மற்ற கேம்கள் இலவசமாக இறங்கி, பிறகு உள்ளே காசு வாங்குபவை. அதாவது கேம் கெட்டுப்போகவில்லை, ஆடுவதற்கு ஆள் இல்லாமல் போகவில்லை, சர்வர் செலவும் தலைக்கு மேல் போகவில்லை. நன்றாக இருந்ததுதான் அதன் குற்றம்.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் ஒரே பதில் வரும்: "அதனால் என்ன, இணையத்தில் போட்டது எங்கே போகும்? எங்காவது இருக்கும்." டிஜிட்டல் என்றால் அழியாது, ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கியது நம் கணக்கிலேயே கிடக்கும், போன் மாறினாலும் பின்னாலேயே வந்துவிடும் என்பது இன்று எல்லோரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கும் நம்பிக்கை. அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வரும். பழைய கேம்களைத் தேடி ஓடுகிறவர்கள் சிறுவயது ஏக்கத்தில் உழல்பவர்கள், நல்ல கேம் எதுவானாலும் புதிய போனில் தானாக வந்துசேரும் என்பது அது. இரண்டுமே தவறு. நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால், நேர்மாறான நிலைமைதான் உண்மை.

2017 செப்டம்பர் 19 அன்று ஆப்பிள் ஐஓஎஸ் 11 வெளியிட்டது. அன்றிரவு போனை அப்டேட் போட்டுவிட்டுத் தூங்கியவர் காலையில் எழுந்து தன் பழைய கேம் ஒன்றைத் தொட்டுப் பார்த்திருந்தால், கேம் திறந்திருக்காது. இதை உருவாக்கியவர் அப்டேட் செய்தால்தான் இந்தப் பதிப்பில் ஓடும் என்று ஒரு சிறிய பெட்டி வந்திருக்கும். படம் திரையில் இருக்கிறது, கேம் போனின் நினைவகத்தில் இருக்கிறது, காசு கொடுத்த ரசீது மின்னஞ்சலில் இருக்கிறது. ஆட மட்டும் முடியாது. 2013இல் ஐபோன் 5எஸ் வந்தபோது போன்கள் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறத் தொடங்கின. நான்கே ஆண்டில் 32 பிட் ஆப்கள் அனைத்துக்கும் ஆப்பிள் கதவைச் சாத்தியது. உருவாக்கியவர் தொழிலை விட்டிருந்தால், நிறுவனம் மூடப்பட்டிருந்தால், அல்லது ஒற்றை ஆளாக எழுதியவருக்கு மறுபடி உட்கார நேரமில்லாமல் போயிருந்தால், அந்தக் கேம் அன்றோடு முடிந்தது. ஸ்மார்ட்போன் கேமிங்கின் முதல் பத்தாண்டில் வந்த எத்தனையோ ஐபோன் கேம்கள் இப்படித்தான் ஒரே அப்டேட்டில் போயின.

அதற்கு முன்பே ஒரு முன்னோட்டம் நடந்தது. 2014 ஆகஸ்டில் 2கே நிறுவனம் பயோஷாக் கேமைக் கிட்டத்தட்ட 15 டாலருக்கு ஐபோனில் விற்றது. அன்றைய மொபைல் விலைக்கு அது மிக அதிகம். மறு ஆண்டு ஐஓஎஸ் 8.4 வந்ததும் கேம் ஓட மறுத்தது. சரிசெய்வதற்குப் பதில் 2015இல் ஸ்டோரிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வெளிவந்து ஓராண்டு முடிவதற்குள்ளேயே கேம் ஓடாமல் போயிருந்தது.

ஆண்ட்ராய்டு ரசிகர்கள் இந்த இடத்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வது வழக்கம். "எங்களுக்கு ஆப்பின் நிறுவல் கோப்பான ஏபிகே இருக்கிறது. எடுத்து வைத்துக்கொண்டால் என்றைக்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்" என்பார்கள். அந்தக் காலமும் மலையேறிவிட்டது. 2022 அக்டோபரில் வந்த கூகுளின் பிக்சல் 7 போனில் 32 பிட் ஆப்கள் ஓடவே ஓடாது. மறு ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 14, ஆண்ட்ராய்டு 6.0க்கு முந்தைய பதிப்புகளைக் குறிவைத்து எழுதப்பட்ட ஆப்களை நிறுவ விடாமல் தடுக்கிறது. பழைய ஆப்களின் ஓட்டை வழியாகத் தீம்பொருள் நுழைகிறது என்பது கூகுள் சொல்லும் காரணம். அது உண்மையான காரணம்தான், மறுக்க முடியாது. ஆனால் திருடனைத் தடுக்கும் அதே பூட்டு, வீட்டுக்காரரையும் வெளியே நிறுத்துகிறது. பென் டிரைவில் பத்திரமாக எடுத்து வைத்த ஏபிகே புதிய போனில் வெறும் கோப்பாகக் கிடக்கிறது.

'வாங்கு' என்ற பட்டன்தான் இந்த மயக்கத்தின் வேர். அந்தப் பட்டனை அழுத்தும்போது நாம் வாங்குவது கேமை அல்ல. ஆடிக்கொள்ளலாம் என்ற உரிமத்தை மட்டும்தான். அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று, யாரும் படிக்காத நீண்ட ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். பிரான்ஸின் யூபிசாஃப்ட் நிறுவனம் இதை எழுத்தோடு நிறுத்தாமல் செய்தும் காட்டியது. 2014 டிசம்பரில் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் பந்தயக் கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று அணைத்தது. தனியாக ஆடுகிற பகுதிக்கும் சர்வர் தொடர்பு கட்டாயம் என்று வடிவமைத்திருந்ததால், முழுக் கேமும் செத்தது. பிறகு, வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் நீக்கினார்கள். முழு விலை கொடுத்து, குறுந்தட்டாக வாங்கி அலமாரியில் வைத்தவருக்கும் இதே கதிதான். கொதித்துப்போன ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் மனுவாக அது 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிபோர்னியாவோ 2024 செப்டம்பரிலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தது. டிஜிட்டல் பொருளை 'வாங்கு' என்று சொல்லி விற்க வேண்டுமானால், நீங்கள் பெறுவது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. விற்பவர் உண்மையைச் சொல்வதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

இந்தியாவில் இந்த அனுபவம் வேறு வழியில் வந்தது. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடைசெய்தது. அக்டோபர் 30 அன்று, அதை நடத்திய டென்சென்ட் நிறுவனம் இங்கே சேவையை முழுவதுமாக நிறுத்தியது. வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி யூசி என்ற கேம் நாணயம் வாங்கிச் சேர்த்த துப்பாக்கி ஸ்கின்கள், இரவு பகலாக ஆடி ஏறிய ரேங்க் எல்லாம் ஒரே நாளில் கையை விட்டுப் போயின. மறு ஆண்டு அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி கொடுத்ததால் பலருக்கு உயிர் வந்தது. 2022 ஜூலையில் அதுவும் ஸ்டோர்களிலிருந்து மறைந்து, 2023 மே மாதம்தான் திரும்பியது. தடைக்கான காரணம் சரியா தவறா என்பது வேறு விவாதம். காசு கொடுத்தவரின் கையில் கடைசியில் என்ன இருந்தது என்பதே இங்கே கேள்வி.

இப்போது ஒரு பழைய காஸெட்டை எடுத்துப் பார்க்கலாம். கார்ட்ரிட்ஜ் என்பதை நம் ஊரில் அப்படித்தான் சொன்னோம். டிவி கேமில் ஓடவில்லை என்றால் எடுத்து ஊதித் திரும்பச் செருகிய தலைமுறை இன்னும் இருக்கிறது. நின்டென்டோவின் கேம்பாய் 1989இல் வந்தது. நான்கு பென்சில் பேட்டரியில் ஓடும், திரையில் வண்ணம் கிடையாது. அதன் காஸெட்டின் பின்பக்கம் ஒற்றைத் திருகு இருக்கும். சாதாரண ஸ்க்ரூ டிரைவர் பிடிக்காது, 3.8 மில்லிமீட்டர் தனிப் பிட் வேண்டும். திறந்தால் உள்ளே விரல் நீளப் பச்சைப் பலகை, அதில் கேம் பதிந்திருக்கும் சில்லு, சேமிக்கும் வசதி உள்ள கேம்களில் பக்கத்தில் காசு போல வட்டமான ஒரு பேட்டரி. ஆட்டத்தைச் சேமித்து வைப்பது அந்தப் பேட்டரியின் வேலை. இருபது ஆண்டு ஆனால் அது தீரும், சேமித்த ஆட்டமும் போகும். கேம் போகாது. சால்டரிங் அயர்னால் பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதைப் பற்றவைத்து, தங்கநிறப் பற்களை ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆடலாம். வளைகுடாப் போரில் குண்டுவீச்சுக்கு உள்ளாகி உறை உருகிப்போன ஒரு கேம்பாய், நியூயார்க் நின்டென்டோ கடையில் பல ஆண்டுகள் காட்சியில் இருந்தது. கருகிய அந்த உடலுக்குள் டெட்ரிஸ் ஓடிக்கொண்டே இருந்தது.

காஸெட்டும் ஒரு நாள் கெடும்தான். ஆனால் அது கெடும்போது பழுதுபார்க்கும் உரிமை உடையவர் கையில் இருக்கிறது. யாரோ ஓர் அலுவலகத்தில் எடுத்த முடிவு அதை அணைக்க முடியாது. பழைய கேம்களைத் தேடுபவரை ஏக்கக்காரர் என்று ஒதுக்குகிறவர்கள் பார்க்கத் தவறுவது இதைத்தான்.

இழப்பின் அளவும் சிறிதல்ல. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் ஓர் ஆய்வு வெளியிட்டது. அந்நாட்டில் 2010க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. பழைய கருவியைத் தேடிப் பிடிக்க வேண்டும், இல்லையேல் அனுமதியற்ற நகல்தான் கதி. ஊமைப்படங்களுக்கு நேர்ந்த இழப்போடு அந்த ஆய்வு இதை ஒப்பிட்டது. தமிழுக்கு இந்த வலி தெரியும். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தின் ஒரு பிரதிகூட இன்று நம்மிடம் இல்லை. அன்று படச்சுருள் எரிந்தும் மக்கியும் போனது, காப்பாற்ற வழி தெரியவில்லை. இன்று நகல் எடுப்பது நொடி வேலை. எடுக்க விடாமல் தடுப்பதுதான் நடக்கிறது. நூலகங்களும் காப்பகங்களும், கடையில் இல்லாத கேம்களை ஆராய்ச்சியாளர்களுக்கு இணையம் வழியே திறந்துகாட்ட அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. எதிர்த்து வாதாடியது கேம் நிறுவனங்களின் சங்கம்.

பழையதை எல்லாம் கட்டிக் காப்பது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணம் போதும். இன்றைய 64 பிட் விண்டோஸ் கணினியில் இருபது ஆண்டுக்கு முந்தைய 32 பிட் நிரல்கள் இன்னும் ஓடுகின்றன. 2020இல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 2001ஆம் ஆண்டு எக்ஸ்பாக்ஸின் தட்டுகளில் பலவற்றைச் செருகி ஆடலாம். மைக்ரோசாஃப்ட் அதற்கென்று பொறியாளர்களை உட்காரவைத்தது. மனது வைத்தார்கள், நடந்தது. போன் உலகத்தில் மனது வைக்கவில்லை.

மனது வைத்தவர்கள் பெரும்பாலும் ரசிகர்கள். பழைய கருவியின் நடத்தையை மென்பொருளில் உருவாக்கிக் காட்டும் எமுலேட்டர்களைத் திருட்டுக் கருவி என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். சோனி தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டே அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் பிளேஸ்டேஷன் எமுலேட்டரை உருவாக்கிய கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. விற்பனையில் உள்ள கேமைத் திருடி ஆடுவது வேறு. அதை யாரும் நியாயப்படுத்தத் தேவையில்லை. ஆனால் விற்பவரே கைவிட்ட கேமை, எமுலேட்டர் எழுதும் தன்னார்வலர் உயிரோடு வைத்திருக்கிறார். ஆப்பிள்கூடப் பல ஆண்டு பிடிவாதத்துக்குப் பிறகு 2024 ஏப்ரலில் ரெட்ரோ எமுலேட்டர்களுக்குத் தன் ஸ்டோரைத் திறந்தது. அதே மாதம் டெல்டா என்ற எமுலேட்டர் வந்தது. ஐபோனுக்காகவே எழுதிய பழைய 32 பிட் கேம் ஓடாத ஐபோனில், 1989இன் கேம்பாய் கேம் இன்று ஓடுகிறது.

கேம் நிறுவனங்கள் நினைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கும் சான்று இருக்கிறது. எமுலேட்டர்கள் மீது வழக்குப் போடுவதில் பெயர் பெற்ற நின்டென்டோவே அதைச் செய்தது. அனிமல் கிராஸிங்: பாக்கெட் கேம்ப் என்ற அதன் மொபைல் கேம் ஏழு ஆண்டுகள் இலவசமாக ஓடி, உள்ளே காசு வாங்கிக்கொண்டிருந்தது. 2024 நவம்பர் இறுதியில் சேவையை நிறுத்தினார்கள். அடுத்த வாரமே, ஒருமுறை காசு கொடுத்தால் போதும் என்ற தனிப் பதிப்பாக அதே கேமை வெளியிட்டார்கள். உள்ளே காசுக்கு விற்பது நின்றது, எப்போதும் இணையத்தில் இருக்க வேண்டிய கட்டாயமும் நின்றது. ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு நாற்காலியாக, ஒவ்வொரு பூச்செடியாக அடுக்கி வைத்த கூடாரத்தைப் பழைய கணக்கிலிருந்து அப்படியே எடுத்துவரவும் வழி கொடுத்தார்கள். சர்வர் அணைந்த பிறகும், அந்தக் கூடார வாசலில் விட்டுப்போன விலங்குகள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தன.